எரிந்த கூடமும் எஞ்சிய கொப்பிகளும்

1922ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் நண்பகலை அண்டிய வேளையில் டப்ளின் நகரின்மேல் காகிதம் பொழிந்தது. லிஃபி நதிக்கரையில் 'நான்கு நீதிமன்றங்கள்' என வழங்கும் கட்டடத் தொகுதியில் நிகழ்ந்த பெருவெடிப்பு, அதனோடு சேர்ந்திருந்த அயர்லாந்துப் பொதுச் சுவடிக்கூடத்தைத் தீக்கிரையாக்கியது. கருகிய தாள்கள் காற்றிலேறித் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் வீழ்ந்தன. சில, கடலோரத்து ஹோத் முனைவரை சென்றன என்பர். பிரித்தானியருடன் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காதோர் ஏப்பிரல் மாதம் முதல் அக்கட்டடத்தைக் கைப்பற்றி வைத்திருந்தனர். ஏற்றோரின் பீரங்கிகள் யூன் 28ஆம் நாள் முழங்கத் தொடங்கின. உள்ளே வெடிமருந்தைக் குவித்தவர்களா, வெளியே நின்று சுட்டவர்களா, எவர் முதற் குற்றவாளி என்னும் வழக்கு நூறாண்டு கடந்தும் ஓய்ந்தபாடில்லை. வழக்கு எவ்வாறு தீரினும், எழுநூறு ஆண்டுக்கால ஆவணங்கள் ஒரு பிற்பகலில் சாம்பராயின என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அக்கூடத்தில் யாது இருந்தது என்பது நன்கு தெரியும். அங்குப் பணியாற்றிய ஹேர்பேட் வூட் என்பார் அதன் இருப்பினை விவரிக்கும் வழிகாட்டி நூலொன்றை 1919இல் வெளியிட்டிருந்தார். மூன்றாண்டுகளின் பின் அந்நூல் இழப்பின் பட்டியலாக மாறிற்று. மத்தியகால நீதிமன்றச் சுருள்கள், பதினாறாம் நூற்றாண்டு முதலான மரணசாதனங்கள், 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்பு ஏடுகள், திருச்சபைப் பங்குகளின் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகள் என அப்பட்டியல் நீள்கிறது. ஓரிரு இடங்களுக்குரிய துண்டுகள் நீங்கலாக அந்நான்கு மதிப்புகளும் அழிந்தன. பெரும் பஞ்சத்துக்கு முன்னர், 1841இல், அத்தீவில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் ஒருங்கே எழுதப்பெற்றிருந்த இடம் அந்த ஏடுகளே.

தீயின்மீதே பழி முழுவதையும் சுமத்திவிடுவது வழமை. அது முற்றிலும் நியாயமன்று. 1861, 1871ஆம் ஆண்டுகளின் குடிசன ஏடுகளைக் கணக்கெடுப்பு முடிந்த சில காலத்துக்குள் அரசே அழிப்பித்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளுக்குரியவை முதலாம் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. வெடிமருந்துக்குக் கிடைத்த அவப்பெயர், அமைதியான அறையொன்றில் இருந்து கட்டளைக் கடிதத்திற் கையொப்பமிட்ட அதிகாரிக்குக் கிடைக்கவில்லை. சுவடிகளை அழிப்பதில் வெறிக்கு உள்ள ஆற்றலிலும் நிருவாகத்துக்கு உள்ள ஆற்றல் குறைந்ததன்று.

இவ்விழப்பில் மற்றொரு முரண் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுவடிக்கூடம் அமைக்கப்பட்டதன் நோக்கமே பாதுகாப்பு. அதுவரை ஈரம் கசியும் கோபுரங்களிலும் அலுவலகத் தட்டுக்களிலும் சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்திற் கூட்டி, தீ தாவாதவாறு வாசிப்பு மனைக்கும் சுவடிக் களஞ்சியத்துக்கும் இடையே வெளி விட்டுக் கட்டினர். அந்த இடைவெளி தன் கடமையைச் செய்யவே செய்தது. களஞ்சியம் எரிய, வாசிப்பு மனையில் அன்று இருந்தவை தப்பின. திருச்சபைப் பதிவேடுகளின் கதையோ இன்னும் கசப்பானது. 1870களில் இயற்றப்பெற்ற சட்டங்கள் அயர்லாந்துத் திருச்சபையின் பழைய பதிவேடுகளைப் பொதுச் சுவடிகளாக்கின. தக்க பாதுகாப்பு உண்டெனக் காட்டிய பங்குகள் அவற்றைத் தம்மிடமே வைத்திருக்கலாம். ஏனையவை டப்ளினுக்கு அனுப்பவேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பங்குகள் அனுப்பின. சொன்னபடி கேட்ட பங்குகள் அநேகமாக யாவும் இழந்தன. தம் கோயிற் பெட்டகத்தை விட்டுக்கொடாத பங்குகளின் ஏடுகள் இன்றும் உள. அனுப்புமுன் இரவிரவாக இருந்து ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்ட குருமார் சிலரும் இருந்தனர். அவர்களை அக்காலத்து மேலதிகாரிகள் வேலையற்றவர்கள் என எண்ணியிருத்தல் கூடும்.

இந்த 'வேலையற்றவர்கள்' பற்றியே ஈண்டு விரிவாக நோக்கவேண்டியுள்ளது.

அயர்லாந்து முப்பத்திரண்டு கவுண்டிகளால் ஆயது. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒத்த பிரிவு. அது அம்மக்கள் தாமாக வகுத்துக்கொண்டதன்று. ஆங்கில ஆட்சி தன் வசதிக்காகப் படிப்படியாக வரைந்த எல்லை அது. இறுதியாக வரையப்பெற்ற விக்லோ 1606இல் உருவாயிற்று. எனினும் காலப்போக்கில் அன்னியன் இட்ட கோடு மக்களின் பாசத்துக்குரிய கோடாக மாறியது. 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுக் கழகம் கவுண்டிக்குக் கவுண்டி போட்டி நடத்தத் தொடங்கிய பின்னர் அப்பாசம் வெறியெனத் தக்க அளவுக்கு வளர்ந்தது. வரலாற்றுச் சங்கங்களும் இக்கோட்டுக்குள்ளேயே பெரும்பாலும் முளைத்தன. கில்கெனியில் 1849இல், பஞ்சத்தின் பிணவாடை முற்றாக நீங்குமுன்னரே, ஜேம்ஸ் கிரேவ்ஸ் என்னும் குருவும் ஜோன் பிரிம் என்னும் பத்திரிகையாளரும் தொல்லியற் சங்கமொன்றைத் தொடக்கினர். கோர்க்கிலும் கில்டேரிலும் 1891இலும், கோல்வேயில் 1900இலும், லவுத்தில் 1903இலும் சங்கங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு சஞ்சிகை வெளியிட்டது. டப்ளின் சுவடிக்கூடத்துக்குச் சென்று தம் கவுண்டிக்குரிய மரணசாதனத்தையோ வரிப்பட்டியலையோ படியெடுத்துவந்து அச்சிடுவது உறுப்பினர்க்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

கார்லோ கவுண்டியைச் சேர்ந்த கேணல் பிலிப் விகர்ஸ் 1888இல் வேறொரு முயற்சியில் இறங்கினார். மயானங்களில் மழையாலும் பாசியாலும் தேயும் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து வெளியிடுவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார். ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் குருமாரும் மருத்துவரும் ஓய்வுபெற்ற படையினரும் தம் ஊர் மயானத்து வாசகங்களை எழுதி அனுப்பினர். அவை கவுண்டிவாரியாக அச்சேறின. விகர்ஸ் 1903இல் மறைந்தபின் கில்டேரைச் சேர்ந்த வோல்ற்றர் பிற்ஸ்ஜெரல்ட் பிரபு அப்பணியைத் தொடர்ந்தார். 1934வரை வெளிவந்த அத்தொகுதிகளில் உள்ள கற்கள் பல இன்று நிலத்தின்மேல் இல்லை. பங்கின் மரணப் பதிவேடும் எரிந்து, கல்லும் உடைந்துபோன ஒருவர் இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதற்கு, நனைந்த புல்லில் முழந்தாளிட்டு எவரோ எழுதிய அவ்வரிகளே சாட்சி.

இவ்வாறு மிகைபடப் புகழும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. இச்சங்கத்தார் எவர்? பெரும்பாலும் நிலக்கிழார், குருமார், அதிகாரிகள். எதனைத் தேடினர்? கோட்டை, மடாலயம், குலமுறைக் கிளை, பிரபுக்களின் கல்லறை. கல் நாட்ட வசதியற்றவனுக்குக் கல்லறை வாசகம் இல்லை. காணி இல்லாதவனுக்கு மரணசாதனம் இல்லை. கில்டேர்ச் சங்கத்தைச் சேர்ந்த மேயோப் பிரபு, 1872இல் அந்தமான் தீவில் கொலையுண்ட இந்தியத் தேசாதிபதி மேயோவின் மகன். புதிய அரசின் மேற்சபை உறுப்பினரானார் என்பதற்காக அவருடைய பாமர்ஸ்ரவுன் மாளிகை 1923 சனவரியில் எரியூட்டப்பட்டது. வரலாற்றை விரும்பிச் சேர்த்தோரே, சுற்றியிருந்த குடியானவரின் கண்ணுக்கு வரலாற்றின் எதிர்த்தரப்பாகத் தோன்றினர். அவர்தம் சஞ்சிகைகளிலே பஞ்சத்தில் மாண்டவனின் பேரன் தன் பாட்டனைத் தேடினால் பெரும்பாலும் காணமாட்டான். இருப்பினும் சேர்த்ததற்காக அவர்களுக்குக் கடன்பட்டே ஆகவேண்டும். தமக்காகச் சேர்த்தனர், அச்சிட்டமையால் பிறர்க்கும் ஆயிற்று. வில்லியம் பெத்தம் என்னும் குலமரபுப் பதிவாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 1800க்கு முற்பட்ட மரணசாதனங்களிலிருந்து தொழில் நிமித்தம் எடுத்த குறிப்பேடுகளே, மூல ஏடுகள் எரிந்தபின் அவற்றின் இடத்தில் வைத்து நோக்கப்படுகின்றன. 1847க்கும் 1864க்கும் இடையே அச்சாகிப் பல இடங்களுக்கும் சென்ற கிரிஃபித்தின் காணி மதிப்பீட்டை எந்தத் தீயும் அழிக்க இயலவில்லை.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்ததையும் அதனோடு தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்ததையும் அறிந்தவர்க்கு, அயர்லாந்தின் இக்கதை அயலாரின் கதையாகத் தோன்றாது. அங்கும் வேறு பிரதியற்ற ஏடுகளே மீளாதன. எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில் இன்னொரு படி கிடந்த நூல்கள் திரும்பி வந்தன. இந்த ஒப்புமையை மேலும் நீட்டத் தேவையில்லை.

எரிந்ததற்குப் பதினைந்தாண்டுகளின் பின் அயர்லாந்து செய்த காரியம், எஞ்சியதைத் திரட்டுவதினின்றும் வேறுபட்டது. 1935இல் அமைக்கப்பெற்ற அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவின் பணிப்பாளர் ஜேம்ஸ் டெலார்ஜியும் சுவடிக்காப்பாளர் ஷோன் ஓ சலிவனும், கல்வித் திணைக்களத்தையும் ஆசிரியர் சங்கத்தையும் துணைக்கொண்டு, 1937இல் ஒரு திட்டத்தை நாட்டின் ஆரம்பப் பாடசாலைகளிற் புகுத்தினர். ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர், வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக, ஒவ்வொரு வாரமும் ஒரு பொருள்பற்றித் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவரவேண்டும். எவற்றைக் கேட்பது என்பதற்கு ஆசிரியர்க்கு ஒரு கைந்நூல் வழங்கப்பட்டது. பஞ்சக் காலம், பழைய வேலியோரப் பள்ளிகள், நிலக்கிழார் செய்த கொடுமைகள், கைம்மருந்து, மழைக்குறி, புனிதக் கிணறு, கொல்லனும் தச்சனும், வயல்களின் பெயர்கள் என அதன் தலைப்புக்கள் விரிந்தன. வேலியோரப் பள்ளியை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் உறவெனக் கொள்ளலாம். குறிச்சிப் பெயர், காணிப் பெயர் ஆகியவற்றின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஈராண்டுக்குள், 1939வரை, இருபத்தாறு கவுண்டிகளின் ஏறத்தாழ ஐயாயிரம் பாடசாலைகளிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் எழுதியவை ஏழு இலட்சத்து நாற்பதாயிரம் பக்கங்களை எட்டின. அவற்றுட் சிறந்தவை ஆசிரியரால் அல்லது நல்ல கையெழுத்துடைய மாணவரால் பெரிய ஏட்டில் மீள எழுதப்பட்டன. அப்பியாசக் கொப்பிகளும் பெருமளவிற் பேணப்பட்டன. ஆகவே ஒரே செய்தி ஈரிடத்தே இருந்தது. முன்னர் எரிந்தவற்றை நினைந்துதான் இவ்வாறு செய்தனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஐரிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும், எழுத்துப் பிழைகளோடும் மைக்கறையோடும் கிடக்கும் இப்பக்கங்களிற் பலவற்றின் ஈற்றில் எழுதிய பிள்ளையின் பெயரும் ஊரும், செய்தி சொன்னவரின் பெயரும் வயதும் உள. எழுபது எண்பது வயதினர் அவர். பஞ்சத்தைத் தாம் கண்டிலராயினும் கண்டவர் வாய்க் கேட்டவர். குடிசன ஏட்டில் வெறும் பெயராகவும் வயதாகவும் மட்டும் நின்று எரிந்துபோன தலைமுறையினர், பேரப்பிள்ளையின் கொப்பியிலே பேசத் தொடங்கினர்.

வரலாற்றுத்துறையினர் இத்தொகுதியை நெடுங்காலம் ஐயுறவுடனேயே நோக்கினர். அவ்வையம் காரணமற்றதன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டதை அப்படியே எழுதியதா, வாசிப்புப் புத்தகத்திற் படித்ததைப் பாட்டியின் வாயில் வைத்ததா என்பது எப்போதும் தெளிவாவதில்லை. ஆசிரியரின் திருத்தக் கை எங்கும் உண்டு. அவருக்குப் பிடிக்காதவை ஏறாமற் போயிருக்கும். நெருங்கிய உறவினரின் பழியைச் சொல்ல முதியோரும் நாணியிருப்பர். பஞ்சத்திலே அயலானின் காணியை வாங்கிக் கொழுத்த குடும்பத்தின் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, ஆசிரியர் எதனைப் பெரிய ஏட்டில் ஏற்றுவார்? ஆயினும் நிகழ்ச்சிக்குச் சான்று கூற இயலாத இடத்தும், அந்நிகழ்ச்சியை ஓர் ஊர் எவ்வாறு நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு இக்கொப்பிகளை விஞ்சிய சான்றில்லை. அத்தகைய சான்றை எந்தச் சுவடிக்கூடமும் இயல்பாகச் சேர்ப்பதுமில்லை. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேணப்படும் ஆணைக்குழுவின் தொகுப்பை 2017இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

திட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. 1921இல் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டு வடக்கின் ஆறு கவுண்டிகளும் வேறோர் ஆட்சியின் கீழ்ப் போயின. டப்ளினின் சுற்றறிக்கை அங்குச் செல்லவில்லை. ஆனால் மறைமாவட்ட எல்லையும் மாகாண எல்லையும் புதிய எல்லையை மதித்து மாறவில்லை. குளோகர் மறைமாவட்டத்தின் ஒரு பகுதி மொனகனில், மறுபகுதி ஃபெர்மனாவில். அதாவது எல்லையின் இருபுறமும். அதன் வரலாற்றுச் சங்கம் 1953 முதல் வெளியிடும் சஞ்சிகை இருபுறத்துக்கும் உரியது. வடக்கில் 1970களில், துப்பாக்கிச் சத்தம் அடங்காத காலத்தில், அல்ஸ்ரர்ப் பகுதியின் ஊர் வரலாற்றுச் சங்கங்கள் தமக்கென ஓர் ஒன்றியம் அமைத்தன. அரசியல்வாதிகள் ஆறு என எண்ணிய இடத்தில் அவ்வொன்றியம் ஒன்பது என எண்ணியது. எல்லைக்குத் தெற்கே கிடந்த டொனிகோல், கவன், மொனகன் மூன்றும் அதனுள் அடங்கும். தெற்கின் சங்கங்களும் 1981இல் ஒன்றியமாயின. ஊர் வரலாற்றுக் கூட்டங்கள் பகைவரை நண்பராக்கிவிட்டன என்று கூறுதல் மிகை. பழைய வரைபடத்தின் முன் இருவரும் குனிந்து நிற்கும்போது, தன் குறிச்சியின் பெயர்க்காரணம் மற்றவன் மொழியில் இருப்பதைக் காணும் வாய்ப்பேனும் இருந்தது.

கில்கெனியின் கதையையும் இடையில் விட்டுவிட முடியாது. 1849இல் அங்குத் தோன்றிய சங்கம் புகழ்பெற்றுப் பெயர் மாறி விரிந்து, 1890இல் முழுத் தீவுக்குமுரிய வேத்தியற் சங்கமாகித் தலைநகருக்குப் போய்விட்டது. பெற்ற ஊர் வெறுமையாயிற்று. 1940களின் நடுப்பகுதியிலேதான் கில்கெனியார் தமக்கென மீண்டும் ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் 1594இல் வணிகனொருவன் கட்டத் தொடங்கிய ரோத் இல்லத்தை 1962இல் வாங்கிப் பழுதுபார்த்து அருங்காட்சியகமும் வாசிகசாலையும் ஆக்கினர். வளர்ச்சி என்பது தலைநகரை நோக்கிய பயணமே என நம்பும் சங்கங்களுக்கு இக்கதை சிறிது கசக்கும்.

எரிந்த கூடத்தை மீளக் கட்டும் முயற்சி அண்மைக்காலத்துக்குரியது. தீக்குத் தப்பிக் கட்டிக்கட்டியாக ஒட்டிப்போன தாள்கள் பொதிகளாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கும் நுட்பம் பின்னரே கைவந்தது. டப்ளின் திரித்துவக் கல்லூரியின் தலைமையில் டப்ளின், பெல்பாஸ்ற், இலண்டன் சுவடிக்கூடங்கள் உட்பட எழுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒத்துழைத்து, எரிந்தவற்றின் படிகளையும் சுருக்கங்களையும் உலகெங்கும் தேடி, கணினியில் ஒரு மாயக் கூடத்தை அமைத்தன. நூறாண்டு நிறைவையொட்டி 2022 யூனில் அது திறந்துவைக்கப்பட்டது. ஹேர்பேட் வூட்டின் 1919ஆம் ஆண்டுப் பட்டியலே அதற்குத் தட்டு வரிசையாயிற்று. பள்ளிக் கொப்பிகளும் படமாக்கப்பட்டு இணையத்தில் உள. அவற்றின் கையெழுத்தைத் தட்டச்சு வடிவாக்கும் பணியைக் கூலியின்றி அன்பர்களே செய்து வருகின்றனர். அப்பணிக்கு அறுவடைக்காலத்தில் அயலார் கூடி ஒருவர் வயலில் உழைப்பதைக் குறிக்கும் 'மெஹல்' என்னும் ஐரிஷ் சொல்லையே பெயராக வைத்தனர்.

மாயக் கூடத்தின் தட்டுக்கள் யாவும் ஒரே சீராக நிறையவில்லை. அரசாணையும் பிரபுக்களின் காணி உறுதியும் ஏதோ ஒரு மாளிகையில், ஏதோ ஓர் இலண்டன் அலுவலகத்தில் படியெடுக்கப்பட்டிருந்தன; அவை திரும்பி வருகின்றன. 1841இன் குடியானவனை எவர் படியெடுத்தார்? இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையொன்று உண்டு. 1908இல் முதியோர் உபகாரச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. எழுபது வயது நிறைந்த ஏழைகட்கு வாரம் ஐந்து சிலிங் வரை கிடைக்கும். ஆனால் அயர்லாந்தில் பிறப்புப் பதிவு பொதுவாகத் தொடங்கியது 1864இலேதான். அவர்களுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் ஏது? எனவே 1841, 1851ஆம் ஆண்டுக் குடிசன ஏடுகளில் தம் பெயர் குழந்தையாக எழுதப்பட்டிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என டப்ளினுக்கு விண்ணப்பித்தனர். தந்தை பெயர், தாய் பெயர், அன்று வாழ்ந்த குறிச்சி, பங்கு, கவுண்டி ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப, எழுதுவினைஞர் ஏட்டைப் புரட்டிக் கண்டதை அதிற் குறித்தார். ஏடுகள் 1922இல் எரிந்தன. வேறிடத்தே வைக்கப்பட்ட அப்படிவங்கள் எஞ்சின. ஐந்து சிலிங்குக்காகத் தம் பிறந்த வீட்டைச் சொல்ல நேர்ந்த கிழவர் கிழவியரின் அத்தாள்களில், வீட்டிலிருந்த அனைவரின் பெயரும் வயதும் குறிக்கப்பெற்றவை உண்டு. பஞ்சத்துக்கு முன் அவ்வீட்டில் ஒன்பது பேர் இருந்தனரென்றால் ஒன்பதின்மரும் அங்கு உளர். வேறு பல தாள்களில் எழுதுவினைஞரின் அவசரக் கையெழுத்தில் தேடியும் காணப்படவில்லை என்பதே குறிப்பு. ஆயினும் விண்ணப்பித்தவர் தம் கையாலோ பிறர் கையாலோ மேலே எழுதுவித்த தாய் தந்தையரின் பெயர்கள், அக்குறிப்புக்கு மேலே, இன்னும் வாசிக்கக்கூடியனவாகவே உள்ளன.